மடவைக்கு எந்த ஊரு?

ஞாயித்துக்கிழமை மீன் வாங்குறது எங்க வீட்டுல என் டிபார்ட்மென்ட். கிழக்குத் தாம்பரத்துல ரோட்டோரமா தார்ப்பாய் விரிச்சு விக்கிற ஒரு அக்காகிட்டதான் வழக்கமா வாங்குவேன். போன மாசம் ஒரு நாள், வஞ்சிரம் விலையைக் கேட்டுட்டு (கேட்டதோட சரி, வாங்கலை) பக்கத்துல குவிச்சு வெச்சிருந்த மடவையைக் காட்டி, "இது எங்கே பிடிச்சதுக்கா?"ன்னு கேட்டேன்.

"கோவளம் தம்பி. ராத்திரி கடல்ல பிடிச்சது."

"பிடிச்சது சரிக்கா. வளர்ந்தது எங்கே?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "மீனு தண்ணியிலதான் வளரும். எடை போடவா, வேணாமா?"

பின்னாடி நின்ன பெரியவர் சத்தமாவே சிரிச்சிட்டார். நானும் அசடு வழிஞ்சுக்கிட்டு ஒரு கிலோ வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா கேள்வி தப்பான கேள்வி இல்லைங்க. நம்ம தென்சென்னைப் பக்கம் இன்னைக்கு யாராவது உட்கார்ந்து பதில் கண்டுபிடிச்சே ஆகவேண்டிய கேள்வின்னு நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மடவை முட்டை போடறது கடல்ல. அந்த முட்டை பொரிஞ்சு ரெண்டு, மூணு சென்டிமீட்டர் குஞ்சா ஆனதும், கூட்டம் கூட்டமா ஆத்து முகத்துவாரத்துக்குள்ளயும் உப்பங்கழிக்குள்ளயும் நுழையும். அங்கே அலை கிடையாது, பெரிய மீன் தொல்லை கம்மி, சேத்துல சாப்பாடு ஏராளம். அங்கேயே வளர்ந்து பெருசாகி, திரும்பக் கடலுக்குப் போகும். கொடுவா, பால்கெண்டை, வெள்ளை இறால்னு நாம காசு கொடுத்து வாங்குற பல உருப்படிகளுக்கும் கொஞ்சம் கூடக்குறைய இதே கதைதான். (கொடுவா இன்னும் ஒரு படி மேலே. அது ஆணா வாழ்க்கையை ஆரம்பிச்சு, சில வருஷம் கழிச்சுப் பொண்ணா மாறிடும். நம்ம மேட்டருக்கு சம்பந்தம் இல்லை, சும்மா சொல்லி வெச்சேன்.)

அப்போ, வலை போட்ட இடம் வேற, பிள்ளை வளர்ந்த வீடு வேற. அக்கா சொன்ன கோவளம், வலையோட அட்ரஸ்தான்.

இதுல தாம்பரத்துக்காரனுக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. வந்திருக்கு. நம்ம ஊரு ஒரு வேடிக்கையான இடத்துல உட்கார்ந்திருக்கு. மேற்குத் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் விழற மழை அடையாத்துக்குப் போகுது. 2015 டிசம்பர்ல முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் மாடி வரைக்கும் தண்ணி ஏறினது யாருக்கும் மறந்திருக்காது, அதே ஆறுதான். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரித்தண்ணியில ஆரம்பிச்சு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, உடைஞ்ச பாலத்துக்கிட்ட கடல்ல கலக்குது. கிழக்குத் தாம்பரம் பக்கம் விழற மழைக்கு ரூட்டே வேற. சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், நாராயணபுரம் மாதிரி ஏரிகள் வழியா பள்ளிக்கரணை சதுப்புநிலம், அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கடைசியா முட்டுக்காடு வழியா கோவளத்துல கடல். அதாவது ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா விழற மழை, கிட்டத்தட்ட ரெண்டு வேற முகத்துவாரத்துக்குப் போய்ச் சேருது. நம்ம வீட்டு சாக்கடையும் அதே வழியிலதான் போகுதுங்கறதைத் தனியா சொல்லணுமா என்ன?

ஆக, ரெண்டு தொட்டிலுக்கும் தண்ணி விடறவங்க நாம. அந்தத் தொட்டில்ல பிள்ளை இருக்கா, இருந்தா உயிரோட வெளியே போகுதான்னு கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். கடமைன்னு சொன்னா அறிவுரை மாதிரி ஆயிடும், அதனால உரிமையோட நிறுத்திக்கறேன்.

குஞ்சு மீன் கணக்கெடுக்கிறது ஒண்ணும் ராக்கெட் சயன்ஸ் இல்லை. முழங்கால் அளவு தண்ணியில, கொசுவலை மாதிரி நெருக்கமான கண்ணு உள்ள வலையை ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு, அளந்து வெச்ச தூரத்துக்கு இழுக்கணும். விழுந்ததை இனம் பிரிச்சு, எண்ணி, நீளம் அளந்து, முடிஞ்ச வரைக்கும் திரும்ப விட்டுடணும். தண்ணியில உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, ஓதம் ஏறுதா வடியுதான்னு குறிச்சுக்கணும். இதையே அமாவாசை, பௌர்ணமி, நடுவுல வர்ற நாள்னு மாத்தி மாத்தி, வருஷம் முழுக்கச் செய்யணும். போரடிக்கிற வேலைதான். ஆனா நம்ம ஊர்ல செஞ்சிருக்காங்க. 1937லயே கேசவ பணிக்கர், கோபால ஐயர்னு ரெண்டு பேர் மெட்ராஸ் உப்பங்கழிகள்ல என்னென்ன உயிர் வாழுதுன்னு விரிவா ஆராய்ச்சி பண்ணி, இந்திய அறிவியல் அகாடமியோட இதழ்ல எழுதியிருக்காங்க. அதுல பணிக்கர் பின்னாடி மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கும், அதுக்கப்புறம் தேசிய கடலியல் நிறுவனத்துக்கும் இயக்குநரா ஆனவர். (நம்ம கிறிஸ்துவக் கல்லூரி பாரீஸ் பக்கத்துல இருந்து தாம்பரம் காட்டுக்குக் குடி வந்ததும் அதே 1937தான். இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஊர்ப் பெருமை, அவ்வளவுதான் :-))

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு கழியில வலை போட்டா நூறு குஞ்சு விழுது. உடனே "ஆஹா, இது பெரிய நர்சரி"ன்னு போர்டு எழுதி மாட்டிடலாமா? முடியாது. 2001ல அமெரிக்காவுல விஞ்ஞானிகள் ஒரு குழுவாச் சேர்ந்து, எதை நர்சரின்னு சொல்லலாம்னு ஒரு வரையறை வெச்சாங்க. குஞ்சு எவ்வளவு நெருக்கமா இருக்குங்கறது மட்டும் போதாது. எவ்வளவு வேகமா வளருது, எத்தனை பிழைக்குது, கடைசியா எத்தனை பெரிய மீனாகி பெரிய மீன்களோட இடத்துக்குப் போய்ச் சேருது, இதெல்லாம் சேர்த்துப் பார்க்கணும். அந்த இடத்தோட பரப்பளவுக்கு, குஞ்சு வளர்ற மத்த இடங்களோட சராசரியைவிட அதிகமா பெரிய மீனைக் கொடுத்தாத்தான் அதுக்கு நர்சரின்னு பேரு.

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். ஏன்னா அடையாத்தை நினைச்சுப் பாருங்க. முதல் பெருமழையில, மாசக்கணக்கா தேங்கி நின்ன சாக்கடை மொத்தமும் ஒரே மூச்சுல அடிச்சுக்கிட்டு வரும். தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சு, முகத்துவாரத்துல மடவை கொத்து கொத்தா செத்து மிதக்கும். பேப்பர்ல போட்டோ வரும், ஒரு நாள் எல்லாரும் உச்சு கொட்டுவோம். அந்தப் போட்டோவை ரெண்டு விதமாப் படிக்கலாம். ஒருத்தர் சொல்வார், "பாத்தீங்களா, இவ்வளவு மோசமான ஆத்துலயும் இத்தனை மடவை வாழுது, இது இன்னும் உயிருள்ள நர்சரி." இன்னொருத்தர் சொல்வார், "இது நர்சரி இல்லைங்க, பொறி. கடல்ல இருந்து குஞ்சை உள்ளே இழுத்து, பெருசாகறதுக்குள்ள கொன்னுடுது." யார் சொல்றது சரி? வலை போட்டு எண்ணினா மட்டும் பதில் கிடைக்காது. உள்ளே போனது எத்தனைன்னு வலை சொல்லும், வெளியே வந்து உருப்பட்டது எத்தனைன்னு சொல்லாது.

அதைத் தெரிஞ்சுக்க மீனோட தலைக்குள்ள பார்க்கணும்.

சின்ன வயசுல கத்தாழை மீன் சாப்பிடும்போது எங்க அம்மா, "தலையில கல்லு இருக்கும், பாத்துக் கடி"ன்னு சொல்வாங்க. வெள்ளையா, வழவழன்னு ஒரு கல்லு. நான் அதை எடுத்துக் கழுவி ஜாமென்ட்ரி பாக்ஸ்ல வெச்சிருந்தேன், நாத்தம் தாங்காம தங்கச்சி தூக்கிப் போட்டுட்டா. அதுக்கு ஓட்டோலித்னு பேரு, தமிழ்ல காதுக்கல்னு வெச்சுக்கலாம். மீனோட உள்காதுல பக்கத்துக்கு மூணா, மொத்தம் ஆறு கல் இருக்கும். சமநிலைக்கும், கேக்கறதுக்கும் உதவுற உறுப்பு. சுண்ணாம்புச் சத்துல ஆனது. மீன் உயிரோட இருக்கிற வரைக்கும் இது மேல மேல படிஞ்சுக்கிட்டே வரும். எலும்பு மாதிரி உடம்பு இதைக் கரைச்சுத் திரும்ப எடுத்துக்காது. ஒருதடவை எழுதினா எழுதினதுதான்.

1971ல பன்னெல்லான்னு ஒரு ஆராய்ச்சியாளர், இந்தக் கல்லுல நாளுக்கு ஒரு வளையம் விழுதுன்னு எழுதினார். மரத்துல வருஷத்துக்கு ஒரு வளையம்னா, குஞ்சு மீனுக்கு தினம் ஒண்ணு! என்னை மாதிரி கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டறவனுக்கு இதைக் கேட்டதும் தோணினது ஒண்ணே ஒண்ணுதான். இது லாக் ஃபைல்யா! டைம்ஸ்டாம்ப் போட்டு, பின்னாடி போய் யாரும் திருத்த முடியாத லாக் ஃபைல்.

தேதி மட்டும் இல்லை, இடமும் பதிவாகுது. அன்னைக்கு மீன் இருந்த தண்ணியில என்ன இருந்துச்சோ அதுல கொஞ்சம் கல்லுல ஏறிடும். பொதுவா கடல்தண்ணியில ஸ்ட்ரான்ஷியம் ஜாஸ்தி, ஆத்துத்தண்ணியில பேரியம் ஜாஸ்தி. கல்லை ரெசின்ல பதிச்சு, நடு மையம் தெரியற வரைக்கும் மெல்லிசா தேய்ச்சு, மையத்துல இருந்து ஓரம் வரைக்கும் லேசரால வரிசையா சுட்டுக்கிட்டே போவாங்க. ஆவியாகற தூளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல விட்டா, எந்த வயசுல எந்த மாதிரித் தண்ணியில இருந்துச்சுன்னு கிராஃப் வந்துடும். ஆஸ்திரேலியாவுல கொடுவாவோட காதுக்கல்லை இப்படிப் பார்த்தப்போ, எல்லாக் கொடுவாவும் சின்ன வயசுல ஆத்துக்குள்ள போய்த்தான் வளரும்னு நினைச்சிருந்தது பொய்யாப் போச்சு. சிலது நல்ல தண்ணிப் பக்கமே எட்டிப் பார்க்காம வாழ்ந்திருக்கு.

பெரிய ஆச்சரியம் அமெரிக்கக் கிழக்குக் கரையில. வீக்ஃபிஷ்னு ஒரு மீன், நம்ம கத்தாழைக் குடும்பம்தான். ஜார்ஜியாவுல இருந்து நியூயார்க் வரைக்கும் 5 முகத்துவாரங்கள்ல குஞ்சுகளைப் பிடிச்சு, ஒவ்வொரு ஊர்த் தண்ணிக்கும் காதுக்கல்லுல என்ன கைரேகை விழுதுன்னு முதல்ல பதிவு பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, பெருசாகி முட்டை போட வந்த மீன்களோட கல் மையத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 60ல இருந்து 81 சதவீதம் வரைக்கும் தான் பிறந்த முகத்துவாரத்துக்கே திரும்பி வந்திருந்துச்சு. 2001ல சயன்ஸ் இதழ்ல வந்த ஆராய்ச்சி இது. இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு முகத்துவாரத்தை மூடினா, "பரவாயில்லை, பக்கத்து ஊர்ல இருந்து மீன் வந்துடும்"னு அசால்ட்டா சொல்ல முடியாது. அந்த ஊர் மீன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கலாம்.

இன்னொரு உதாரணம் மெல்போர்ன். அந்த நகரம் ஒரு பெரிய விரிகுடாவைச் சுத்தி உட்கார்ந்திருக்கு, போர்ட் பிலிப்னு பேரு. விக்டோரியா மாநிலத்தோட மேற்குக் கரையில கிடைக்கிற ஸ்நாப்பர் மீனோட காதுக்கல்லைப் பார்த்தா, பெரும்பாலும் இந்த ஒரு விரிகுடாவுல வளர்ந்ததுதான்னு தெரிய வந்துச்சு. ஒரு பெருநகரத்தோட வாசல்ல இருக்கிற தண்ணி, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் கரைக்கு மீன் சப்ளை பண்ணுது. கோவளமோ அடையாறோ அப்படி இருந்துட்டா? இல்லாமலும் போகலாம். பழவேற்காடுதான் மொத்தத்தையும் கொடுக்குது, நம்ம ரெண்டும் சும்மா பேருக்குத்தான்னு கூட வரலாம். எதுவா இருந்தாலும், தெரிஞ்ச பிறகு முடிவெடுக்கிறது ஒரு விதம், தெரியாமலே எடுக்கிறது வேற விதம்.

சரி, எதுக்கு இப்ப இவ்வளவு பொலம்பல்? 2025 மார்ச்ல மாநில பட்ஜெட்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. கோவளம் பக்கம், ஈசிஆருக்கும் ஓஎம்ஆருக்கும் நடுவுல இருக்கிற உப்பங்கழிப் பகுதியில புது நீர்த்தேக்கம். கொள்ளளவு சுமார் 1.6 டி.எம்.சி. பின்னாடி மாமல்லன் நீர்த்தேக்கம்னு பேரும் வெச்சாங்க. உப்புத்தண்ணி ஏறி இறங்கற இடத்துக்குக் கரை கட்டி, மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சுக் குடிநீராக்கறதுதான் திட்டம். ஈசிஆர் ஓரத்து மீனவ கிராமங்கள்ல இருந்து எதிர்ப்பு வந்துச்சு. "எங்க மீனும் இறாலும் வளர்ற இடம்"கறது அவங்க வாதம்.

நான் தண்ணிக்கு எதிரி இல்லைங்க, தயவுசெஞ்சு அப்படி முத்திரை குத்திடாதீங்க. 2019 கோடையில எங்க அபார்ட்மென்ட்ல டேங்கர் தண்ணிக்கு நாங்க அழுத காசு எனக்குத் தெரியும். காலையில 4 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து பக்கெட் நிரப்பியிருக்கேன். அந்த ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்த ஊரு இது. தண்ணி வேணும், சந்தேகமே இல்லை. என் வாதம் ஒண்ணே ஒண்ணு. ஒரு பக்கம் இத்தனை டி.எம்.சி, இத்தனை கோடின்னு துல்லியமா நம்பர் இருக்கு. இன்னொரு பக்கம் "எங்க மீன் வளர்ற இடம் சார்"ங்கற வாய்வார்த்தை மட்டும் நிக்குது. நம்பரும் வாய்வார்த்தையும் மோதினா ஆபீஸ்ல எது ஜெயிக்கும்னு உங்களுக்கே தெரியும். மீனவர் பக்கத்துக்கும் நம்பர் வேணும். கரை எழும்பற ஒவ்வொரு மாசமும், பழைய கழி எப்படி இருந்துச்சுன்னு எண்ணிப் பார்க்கிற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

"அதுக்குத்தான் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைன்னு ஒண்ணு இருக்கே"ன்னு சொல்வீங்க. இருக்கு. ஆனா அந்த அறிக்கைகளுக்குப் பொதுவா கேக்கறது ஒரு சீசன் டேட்டா. அதுவும் மழைக்காலம் தவிர்த்து! நெல்லூர்க்காரனுக்கும் நாக்பூர்க்காரனுக்கும் ஒரே ஃபார்ம். நம்ம கரையில முகத்துவாரம் முழுசாத் திறக்கறதே அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழையிலதான். மழை நின்னு ஆத்துல ஓட்டம் குறைஞ்சதும், கடல் மணலைக் கொண்டாந்து வாயை அடைக்க ஆரம்பிச்சுடும். அடையாத்துல மணல்திட்டு வளர்றதும், மழைக்கு முன்னாடி பொக்லைன் வெச்சு வெட்டி விடறதும் வருஷா வருஷம் நடக்கிற திருவிழா. மடவை மாதிரி மீனோட குஞ்சு உள்ளே வர்றது அந்த மழைக்காலத்தை ஒட்டித்தான். கதவு சாத்தியிருக்கிற மே மாசத்துல போய் நின்னுக்கிட்டு, "உள்ளே யாரையும் காணோமே"ன்னு எழுதினா எப்படி?

இந்த இடத்துல என் சொந்த சோகம் ஒண்ணு சொல்லியே ஆகணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு கம்பெனியில (பேர் வேணாம்) பழைய சர்வர்களைச் சுத்தம் பண்ற வேலையை என் தலையில கட்டினாங்க. ஒரு சர்வர் சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு மாசம் முழுக்க லாக் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஈ காக்கா கூட அதைத் தொடலை. ரிப்போர்ட் எழுதி, கிராஃப் எல்லாம் போட்டு, மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கி, தூக்கிட்டேன். "வெரி குட்"னு மெயில் கூட வந்துச்சு. ஆறு வாரம் கழிச்சு குவார்ட்டர் எண்ட். கணக்குப் பிரிவுல இருந்து போன் மேல போன். அந்த சர்வர் மூணு மாசத்துக்கு ஒருதடவை, ஒரே ஒரு நாள் ராத்திரி ஓடறதுக்காகவே இருந்ததாம். நான் பார்த்த ஒரு மாச டேட்டா பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மைதான். பார்த்த மாசம்தான் தப்பு. அந்த வாரம் நான் தூங்கின நேரத்தை விரல் விட்டு எண்ணலாம். நல்லவேளை, எங்களுக்கு பேக்கப் இருந்துச்சு.

அதனால ஒரு வருஷமாவது, ரெண்டு வருஷம்னா இன்னும் நல்லது, எண்ணணும். அடையாறு, கோவளம், பழவேற்காடு, எண்ணூர், தெற்கே பாலாத்து முகத்துவாரம் வரைக்கும் ஒரே முறையில, ஒரே நேரத்துல எண்ணணும். அதுல கிடைக்கிற குஞ்சுகள்ல கொஞ்சத்தோட காதுக்கல்லை எடுத்து, ஒவ்வொரு கழியோட கைரேகையையும் பதிஞ்சு வெச்சுக்கணும். அப்புறம் காசிமேட்டுலயும் கோவளத்துலயும் விக்கிற பெரிய மடவை, கொடுவா தலைகளை வாங்கி ஒப்பிடணும். இதுல சிக்கல் இல்லாம இல்லை. கைரேகை வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால 2026 குஞ்சோட கைரேகையை 2026ல பிறந்த மீனோடதான் ஒப்பிடலாம். ஒரு கழியை விட்டுட்டா, அங்கே வளர்ந்த மீன் தப்பா வேற ஊர்க் கணக்குல போய் விழும் (மிஸ்ஸிங் ரெக்கார்ட் இருக்கிற டேபிளை ஜாயின் பண்ணின மாதிரி). இறாலுக்குக் காதுக்கல்லே கிடையாது, சட்டையை உரிச்சுப் போட்டுக்கிட்டே வளர்ற ஜென்மம், அதுக்கு ஐசோடோப்னு வேற ரூட்ல போகணும். எல்லாம் தெரிஞ்ச சிக்கல்கள்தான், உலகத்துல பல பேர் சமாளிச்சிருக்காங்க.

ஆள் பலம் இல்லையான்னா, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தாம்பரத்துல இருந்து வேளச்சேரி போற பஸ்ல ஏறினா, பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வரும். தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் அங்கேயேதான். முட்டுக்காட்டுல, அந்தக் கழியோட கரையிலயே, மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தோட பரிசோதனை நிலையம் இருக்கு. 1997ல கொடுவாவை செயற்கையா முட்டை போட வெச்சுக் குஞ்சு எடுத்த நிறுவனம் அது, ஒவ்வொரு குஞ்சையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆளுங்க. ஓஎம்ஆர்ல மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு வளாகம் இருக்கு. இத்தனையும் ஒரு நாள் பஸ் பாஸ்ல சுத்தி வந்துடற தூரம்.

இவங்களுக்கெல்லாம் முன்னாடி கூப்பிட வேண்டிய ஆட்கள் வேற சிலர் இருக்காங்க. கழியில இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்து, கையாலயே தடவித் தடவி இறால் பிடிச்சு, பனையோலைப் பறியில போடற இருளர் பொம்பளைங்க. பறியோட கயித்தை வாயில கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் சேத்துல துழாவுவாங்க. எந்த மாசம், எந்த மூலையில, எந்த சைஸ் இறால் இருக்கும்னு அவங்க விரலுக்குத் தெரியும். வலை இழுக்க எந்த இடம்னு டெண்டர் விட்டு கன்சல்டன்ட் வெச்சுக் கேக்கறதுக்குப் பதிலா, அவங்களுக்கு நாள் கூலி கொடுத்துக் கூட கூட்டிக்கிட்டுப் போகலாம். அறிக்கையில பேரும் போடலாம். கழி போச்சுன்னா முதல்ல பிழைப்பு போறது அவங்களுக்குத்தான்.

என்னால முடிஞ்சதை நான் பண்ணிட்டேன். மறு ஞாயித்துக்கிழமை அக்காகிட்ட, "தலையைத் தூக்கிப் போட்டுடாதீங்கக்கா, முழுசாக் கொடுங்க"ன்னு கேட்டு வாங்கி வந்தேன். சமையக்கட்டுல மடவைத் தலையைப் பிளந்து, புருவம் திருத்தற இடுக்கியால (யாருடையதுன்னு சொன்னா சோறு கிடைக்காது) அரை மணி நேரம் போராடி ரெண்டு கல்லை வெளியே எடுத்தேன். கத்தாழைக் கல் மாதிரி பெருசு இல்லை, உடைச்ச அரிசி மாதிரி சின்னது. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "எஞ்சினியருக்குப் படிச்சவன் பண்ற வேலையைப் பாரு"ன்னாங்க. கழுவிக் காயவெச்சு பழைய மாத்திரை டப்பாவுல போட்டு, மேல ஒரு லேபிள் ஒட்டினேன். மீன்: மடவை. வாங்கின இடம்: தாம்பரம். பிடிச்ச இடம்: கோவளம். வளர்ந்த இடம்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், லேசர் வெச்சிருக்கிற புண்ணியவான் யாராவது கேட்டா டப்பாவோட கொடுத்துடறேன்.